எரிவாயு ஒன்றல்ல: சேர்மானம் மாறினால் என்ஜினுக்குள் என்ன மாறுகிறது?

இயற்கை எரிவாயுவைப் பற்றிய பேச்சில் இரண்டு கருத்துகள் அடிக்கடி காதில் விழுகின்றன. அது சுத்தமான எரிபொருள் என்பது ஒன்று. வெப்ப மதிப்பு கூடக் கூட எரிவாயுவின் தரமும் கூடும் என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, என்ஜினைப் பொறுத்தவரை, பல சமயங்களில் உண்மைக்கு நேர் எதிரானது. இரண்டு கருத்துகளுக்கும் அடியில் இருப்பது ஒரே பிழை: பல வாயுக்களின் கலவையை ஒரே பொருளாக எண்ணிக்கொள்வது. அந்தக் கலவையின் விகிதம் சற்றே மாறினாலும் சிலிண்டருக்குள் எரிதல் நடக்கும் விதமும், புகைபோக்கி வழியே வெளியேறுவதும் எப்படி மாறுகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரு பெயருக்குள் பல வாயுக்கள்

இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். ஒரு கார்பன் அணுவைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் அமைந்த, ஹைட்ரோகார்பன்களிலேயே மிகச் சிறிய மூலக்கூறு அது. அதனுடன் இரண்டு கார்பன் கொண்ட ஈத்தேன், மூன்று கார்பன் கொண்ட புரோப்பேன், நான்கு கார்பன் கொண்ட பியூட்டேன் ஆகியவை சிறு அளவுகளில் கலந்திருக்கும். இவற்றைக் கனமான ஹைட்ரோகார்பன்கள் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். எரியாமல் சும்மா உடன்வரும் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் இருக்கும். இவை மந்த வாயுக்கள்.

எந்த எரிவாயு வயலிலிருந்து எடுத்தது, எப்படிச் சுத்திகரித்தது, எந்த வழியாக வந்தது என்பவற்றைப் பொறுத்து இந்த விகிதம் மாறும். குழாயில் வரும் ஒரு வாயுவில் மீத்தேன் 97 சதவீதம் இருக்கலாம்; இன்னொன்றில் 88 சதவீதம்தான் இருக்கலாம். கழிவுகளிலிருந்து கிடைக்கும் பயோகேஸில் மீத்தேன் ஏறத்தாழ 50 முதல் 70 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. இவை எல்லாமே நீல நிறத்தில்தான் எரியும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. என்ஜினுக்குத் தெரியும்.

விறகிலிருந்து தொடங்குவோம்

ஒரே எடையுள்ள மூன்று கட்டுகளை எடுத்துக்கொள்வோம்: காய்ந்த சருகு, நன்கு உலர்ந்த கட்டை, ஈரம் உலராத பச்சை விறகு. சருகு சிறு பொறியிலேயே பற்றிக்கொள்ளும், நொடியில் எரிந்து தீரும். கட்டை எளிதில் பற்றாது. பற்றினால் நின்று எரியும். பச்சை விறகில் உள்ள ஈரம், வரும் வெப்பத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடும். இவற்றில் எது நல்ல விறகு என்று கேட்டால், எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி உடனே எழுகிறது: எவ்வளவு வெப்பம் தருகிறது என்றா, எவ்வளவு எளிதில் பற்றுகிறது என்றா, எவ்வளவு வேகமாக எரிகிறது என்றா?

எரிவாயுவுக்கும் இந்த மூன்று கேள்விகளே பொருந்தும், மூன்றுக்கும் விடை தனித்தனி. ‘தரம்’ என்ற ஒற்றைச் சொல்லில் இவற்றை மூட்டை கட்டிவிடுவதுதான் பொதுப் பேச்சில் நிகழும் குழப்பம்.

எவ்வளவு வெப்பம்?

ஒரு குறிப்பிட்ட அளவு வாயு முழுமையாக எரியும்போது வெளிவரும் வெப்பமே அதன் வெப்ப மதிப்பு. ஒரு கன மீட்டர் மீத்தேன் ஏறத்தாழ 36 மெகாஜூல் தரும்; ஈத்தேன் 64, புரோப்பேன் 93 தரும். மீத்தேன் 60 பங்கும் கார்பன் டை ஆக்சைடு 40 பங்கும் கொண்ட பயோகேஸ் 21 அல்லது 22 மெகாஜூல்தான் தரும். இந்த எண்களைப் பார்த்ததும், பயோகேஸில் ஓடும் என்ஜினின் திறன் 40 சதவீதம் குறைந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை.

காரணம் எளிமையானது. சிலிண்டருக்குள் நுழைவது வாயு மட்டும் அல்ல. வாயுவும் காற்றும் கலந்த கலவை. ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுமையாக எரிய சுமார் 9.5 கன மீட்டர் காற்று வேண்டும். புரோப்பேனுக்கு ஏறத்தாழ 24 வேண்டும். மேற்சொன்ன பயோகேஸுக்கு 6-க்குச் சற்றுக் குறைவாகவே போதும். அதாவது, அதிக வெப்பம் தரும் வாயு அதற்கேற்ற அளவு அதிகக் காற்றையும் கேட்கிறது. ஆகையால் சிலிண்டரில் அது பிடிக்கும் இடத்தின் பங்கு சுருங்கிவிடுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், சரியான விகிதத்தில் காற்றுடன் கலந்த ஒரு கன மீட்டர் மீத்தேன் கலவையில் சுமார் 3.4 மெகாஜூல் இருக்கிறது. புரோப்பேன் கலவையில் 3.8, பயோகேஸ் கலவையில் 3.2. வாயுவை மட்டும் ஒப்பிட்டபோது நான்கு மடங்குக்கு மேல் தெரிந்த வேறுபாடு, கலவையை ஒப்பிட்டதும் இருபது சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. என்ஜினின் திறனைத் தீர்மானிப்பது இந்தக் கலவையின் வெப்பம்தான். இதைப் புரிந்துகொண்டாலே பாதித் தவறான பேச்சு நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

சரியான விகிதத்தில் கலந்தால் என்று சொன்னோம் அல்லவா? சிக்கல் இருப்பது அந்த ‘சரியான’ என்ற சொல்லில்தான்.

துளை வழியே நுழையும் வாயு

வாயு என்ஜினை அடையும் வழியில் எங்காவது ஒரு குறுகிய துளையையோ வால்வையோ கடந்தாக வேண்டும். அழுத்தம் மாறாமல் இருக்கும்போது, கனமான வாயு துளையை மெதுவாகக் கடக்கும், இலேசான வாயு விரைவாகக் கடக்கும். குறுகிய வாசல் வழியாக மூட்டை சுமந்து வருபவர்களைக் கற்பனை செய்துகொள்ளலாம். பெரிய மூட்டை சுமப்பவர் மெல்ல நடப்பார், சிறிய மூட்டைக்காரர் விரைந்து நடப்பார். ஒரு மணி நேரத்தில் உள்ளே போய்ச் சேரும் சரக்கின் அளவு, மூட்டையின் பருமனையும் நடையின் வேகத்தையும் சேர்த்தே அமையும்.

இந்த இரண்டையும் ஒரே எண்ணில் அடக்குவதுதான் வோப்பே குறியீட்டெண். இத்தாலியரான கோஃப்ரெடோ வோப்பேயின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. வாயுவின் வெப்ப மதிப்பை, காற்றோடு ஒப்பிட்ட அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. வோப்பே எண் சமமாக இருக்கும் இரு வாயுக்கள், ஒரே துளை வழியே, ஒரே அழுத்தத்தில், ஒரே அளவு வெப்பத்தை உள்ளே கொண்டுவரும்.

இது ஏன் முக்கியம் என்பது ஒரு கணக்கில் விளங்கும். தூய மீத்தேனில் 10 சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடைச் சேர்ப்போம். வெப்ப மதிப்பு 10 சதவீதம் குறைகிறது, இது எதிர்பார்த்ததே. ஆனால் கார்பன் டை ஆக்சைடு கனமானது என்பதால் வாயுவின் ஓட்டமும் மந்தமாகிறது. வோப்பே எண் சுமார் 17 சதவீதம் வீழ்ந்துவிடுகிறது. அதே 10 சதவீத இடத்தில் ஈத்தேனைச் சேர்த்தால் வெப்ப மதிப்பு ஏறத்தாழ 8 சதவீதம் ஏறும். ஓட்டம் மந்தமாவது அதில் ஒரு பகுதியைச் சரிக்கட்டிவிடுவதால் வோப்பே எண் 3 சதவீதம் அளவுக்கே உயரும்.

இப்போது லாம்டா என்ற சொல்லை அறிமுகப்படுத்தலாம். எரிபொருள் முழுமையாக எரியத் தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று உள்ளே இருக்கிறது என்பதே லாம்டா. மிகச் சரியாக இருந்தால் 1. காற்று மிகுந்திருந்தால் 1-க்கு மேல். இதை மெலிந்த கலவை என்பார்கள். மின்சாரம் உற்பத்தி செய்யும் பெரிய எரிவாயு என்ஜின்கள் பல மெலிந்த கலவையிலேயே ஓடுகின்றன. தூய மீத்தேனுக்கு லாம்டா 1.6 என்று அமைத்துவிட்டு, எதையும் தொடாமல், மேற்சொன்ன கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவை விட்டால் லாம்டா 1.9-ஐத் தாண்டும். அவ்வளவு மெலிந்த கலவையில் சாதாரண ஸ்பார்க் பிளக்கின் பொறி பல சுற்றுகளில் தீயாக வளராமலே அணைந்துபோகும். என்ஜின் இருமுவது போன்ற அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஈத்தேன் கலந்த வாயுவை விட்டாலோ லாம்டா 1.55-ஆகக் குறையும். பார்ப்பதற்குச் சிறிய மாற்றம்தான்; புகையில் அதன் விளைவு சிறியதல்ல என்பதைப் பின்னர் காண்போம்.

சுருங்கச் சொன்னால், வெப்ப மதிப்பு மட்டும் தெரிந்தால் என்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. வாயுவின் அடர்த்தியும் சேர்ந்தே காற்றின் விகிதத்தை நகர்த்துகிறது. அந்த விகிதத்தைத் திருத்தும் ஏற்பாடு என்ஜினில் இருந்தால் திறனில் பெரிய இழப்பு நேராது.

எவ்வளவு எளிதில் பற்றுகிறது?

இனி மூன்றில் முதன்மையான கேள்விக்கு வருவோம். நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் என்ஜினின் ஒரு சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுழற்சிக்கு 40 மில்லிநொடி. பிஸ்டன் மேலேறிக் கலவையை அழுத்துகிறது; உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பு பிளக் பொறி விடுகிறது. அங்கிருந்து சுடர் ஒரு பந்துபோல விரிந்து சிலிண்டரின் சுவரை நோக்கி நகர்கிறது. அதன் பயணம் முழுவதும் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும், கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதி. ஆனால் அந்தக் குறுகிய நேரத்திலேயே, சுடர் இன்னும் வந்து சேராத ஓரங்களில் இருக்கும் கலவை இரண்டு பக்கமும் நெருக்கப்படுகிறது: ஒருபுறம் பிஸ்டன், மறுபுறம் எரிந்து விரியும் வாயு. நெருக்கம் கூடக் கூட அதன் வெப்பநிலையும் ஏறுகிறது. சுடர் வந்து தொடும்வரை அது பொறுத்திருந்தால் எல்லாம் ஒழுங்காக முடியும். பொறுக்காமல் தானாகவே ஒரே கணத்தில் தீப்பற்றினால், அழுத்த அலைகள் சிலிண்டருக்குள் மோதித் திரும்பும். சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்ற ஓசை எழும். அதுதான் நாக்கிங். பிஸ்டனின் மேல் பரப்பைக் காத்து நிற்கும் மெல்லிய குளிர்ந்த வாயுப் படலத்தை அந்த அலைகள் துடைத்தெறிவதால், நாக்கிங் நீடித்தால் பிஸ்டனின் விளிம்பு உருகிப் போகவும் கூடும்.

மீத்தேன் இந்தச் சோதனையில் பொறுமைசாலி. அதன் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் வலுவானவை, முதல் பிணைப்பை உடைப்பதற்கே அதிக வெப்பம் தேவைப்படுகிறது. ஈத்தேனிலும் புரோப்பேனிலும் பிணைப்புகள் அவ்வளவு வலுவானவை அல்ல. ஒரு பிணைப்பு உடைந்ததும் கிளம்பும் துடிப்பான மூலக்கூறுத் துண்டுகள் அடுத்தடுத்து மற்ற மூலக்கூறுகளைத் தாக்கி, மீத்தேனையும் சேர்த்தே தீக்குள் இழுத்துவிடும். ஆகவே சில சதவீதப் புரோப்பேனும் பியூட்டேனும், தங்கள் அளவுக்குப் பொருந்தாத பெரிய விளைவை உண்டாக்குகின்றன. சருகு கொஞ்சம் கலந்த கட்டைக் குவியல்போல.

இந்தப் பொறுமையை அளக்கும் அளவுகோல் மீத்தேன் எண். தூய மீத்தேனுக்கு 100, ஹைட்ரஜனுக்கு 0 என்று வைத்து அமைத்த அளவுகோல் அது. பெட்ரோலுக்கு ஆக்டேன் எண் செய்யும் வேலையை எரிவாயுவுக்கு இது செய்கிறது. ஈத்தேனுக்கு ஏறத்தாழ 44, புரோப்பேனுக்கு 34, பியூட்டேனுக்கு 10. பெயரைப் பார்த்து மீத்தேனின் சதவீதம் என்று பொருள் கொள்பவர்கள் நிறைய, அது தவறு. மீத்தேனும் ஹைட்ரஜனும் மட்டுமே கலந்த வாயுவில்தான் அந்தப் பொருள் பொருந்தும், ஏனெனில் அளவுகோலையே அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். மீத்தேன் 90 சதவீதமும் புரோப்பேன் 10 சதவீதமும் கொண்ட வாயுவின் மீத்தேன் எண் 90-க்கு வெகு கீழே இருக்கும். மீத்தேன் 60 சதவீதம் மட்டுமே கொண்ட பயோகேஸின் மீத்தேன் எண்ணோ 100-ஐயும் கடந்து மேலே நிற்கும், ஏனெனில் கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தை உறிஞ்சி நாக்கிங்கை அடக்குகிறது. பச்சை விறகின் ஈரம் செய்யும் வேலை இது.

ஆக, வெப்ப மதிப்பில் மேலான வாயு மீத்தேன் எண்ணில் கீழானதாகவும், வெப்ப மதிப்பில் கீழான வாயு மீத்தேன் எண்ணில் மேலானதாகவும் அமைவதே வழக்கம். மீத்தேன் எண் குறைந்தால் பொறியைத் தாமதப்படுத்த வேண்டும், அல்லது திறனைக் குறைத்து ஓட்ட வேண்டும். இரண்டிலும் இழப்பு உண்டு.

எவ்வளவு வேகமாக எரிகிறது?

மீத்தேன் சுடர் நிதானமானது. அசையாத கலவையில், சரியான காற்று விகிதத்தில், அது நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் நகரும். ஈத்தேனும் புரோப்பேனும் இதைச் சற்றே உயர்த்தும். மந்த வாயுக்கள் குறைக்கும். ஹைட்ரஜனின் சுடர் இதைப் போலப் பல மடங்கு விரைவானது, ஆகையால் சிறிது ஹைட்ரஜன் கலந்தாலே மிக மெலிந்த கலவையும் அணையாமல் எரியும். அதே சமயம் ஹைட்ரஜனைப் பற்றிய எதிர்பார்ப்புகளை அளந்து வைத்துக்கொள்வது நல்லது: கன அளவில் 20 சதவீத ஹைட்ரஜன் கலந்த வாயுவில், ஆற்றலில் ஹைட்ரஜனின் பங்கு வெறும் 7 சதவீதம்தான்.

புகைபோக்கியில் தெரிவது

உமிழ்வுகள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை ஒரே காரணத்தால் வருபவை அல்ல. ஒன்றைக் குறைக்கும் வழி மற்றொன்றைக் கூட்டவும் கூடும்.

நைட்ரஜன் ஆக்சைடுகள் எரிபொருளிலிருந்து வருபவை அல்ல. காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கடும் வெப்பத்தில் ஒன்றுசேர்ந்து உருவாகுபவை. சுடரின் வெப்பநிலை ஏற ஏற, இவை உருவாகும் வேகம் நேர்விகிதத்தில் அல்ல, செங்குத்தாக ஏறும். மெலிந்த கலவையில் ஓடும் என்ஜின் இவற்றைக் குறைத்து வைத்திருப்பதே, மிகுதியாக உள்ள காற்று வெப்பநிலையைத் தணிப்பதால்தான். லாம்டா 1.6-இலிருந்து 1.55-க்கு நகர்வதன் விளைவு சிறியதல்ல என்று முன்னர் சொன்னதன் காரணம் இதுவே: ஈத்தேன் மிகுந்த வாயு வந்து கலவை சற்றுச் செறிந்ததும், என்ஜின் முன்பைவிட இதமாகக்கூட ஓடும், ஓசையில் குறை தெரியாது, நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் அளவுக்கருவியில் மளமளவென்று ஏறும்.

கலவையை மேலும் மெலிதாக்கி இதைத் தடுக்கலாமே என்றால், அங்கே காத்திருப்பது எரியாத மீத்தேன். பிஸ்டன் வளையத்தின் மேலுள்ள இடுக்குகளிலும், குளிர்ந்த சுவரை ஒட்டியும் சுடர் எட்டாத கலவை எப்போதும் சிறிது தங்கிவிடும். கலவை மெலிந்து சுடர் தளர்ந்தால் அந்த அளவு கூடும். இப்படி எரியாமல் வெளியேறுவதை மீத்தேன் கசிவு என்கிறோம். நூறு ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 30 மடங்கு புவியைச் சூடாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். எளிதில் பற்றாமல் என்ஜினைக் காத்த அதே வலுவான பிணைப்பு, வெளியேறும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரிலும் மீத்தேனை எளிதில் எரியவிடாது. கனமான ஹைட்ரோகார்பன்கள் கலந்த வாயு இந்த இடத்தில் மட்டும் சற்று அனுகூலமானது, ஏனெனில் அது சுடரை நிலைநிறுத்தி எரியாத மீத்தேனைக் குறைக்கிறது.

‘சுத்தமான எரிபொருள்’ என்ற கூற்றை இங்கே நிறுத்துப் பார்க்கலாம். ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு மீத்தேன் 55 கிராம் கார்பன் டை ஆக்சைடைத் தருகிறது. ஈத்தேன் 62, புரோப்பேன் 65, டீசல் 74. கால் பங்குக்கு மேல் மிச்சம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 100 கிராம் மீத்தேனில் 3 கிராம் எரியாமல் வெளியேறினால், நூறு ஆண்டுக் கணக்கிலேயே அது ஏறக்குறைய 90 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். எரிந்த 97 கிராம் தரும் 267 கிராமுடன் அதைச் சேர்த்து, கிடைத்த வெப்பத்தால் வகுத்தால் ஒரு மெகாஜூலுக்கு ஏறத்தாழ 74 கிராம் வருகிறது. இரண்டு என்ஜின்களின் திறமையும் சமமாக இருந்தால், டீசலைவிட மேல் என்ற கணக்கு அந்த 3 சதவீதத்திலேயே தீர்ந்துவிட்டது. கரிப்புகை மிகக் குறைவு என்ற நன்மை மட்டும் குறையாமல் நிற்கும்.

தொட்டியில் மூப்படையும் வாயு

சேர்மானம் வயலில் மட்டும் மாறுவதில்லை. தொட்டியில் சும்மா இருக்கும்போதும் மாறும். வாயுவைக் கடுமையாகக் குளிர்வித்துத் திரவமாக்கும் ஆலையில் கார்பன் டை ஆக்சைடை அநேகமாக முழுவதும் நீக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் அது உறைந்து குழாய்களை அடைத்துவிடும். ஆகவே திரவ இயற்கை எரிவாயு சுத்தமானது என்று பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் ஈத்தேனும் புரோப்பேனும் அதில் தங்கியிருக்கலாம், நாக்கிங்கை அடக்க உதவியிருக்கக்கூடிய மந்த வாயுதான் போய்விட்டது.

அந்தத் திரவம் மைனஸ் 162 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் தொட்டியில் இருக்கிறது. வெளியிலிருந்து சிறிது சிறிதாக நுழையும் வெப்பத்தில் முதலில் ஆவியாவது நைட்ரஜன், அதனுடன் மீத்தேன். ஈத்தேன் கொதிப்பது மைனஸ் 89 டிகிரியில், புரோப்பேன் மைனஸ் 42-இல். அந்தக் குளிரில் அவை அசையாமல் கிடக்கும். ஆவியை வெளியே எடுத்துக்கொண்டே நாட்களைக் கடத்தினால், தொட்டியில் மிஞ்சும் திரவத்தில் கனமான ஹைட்ரோகார்பன்களின் பங்கு ஏறிக்கொண்டே போகும். தொழிலில் உள்ளோர் இதை மூப்படைதல் என்பார்கள். மேலே திரளும் ஆவியை உறிஞ்சும் என்ஜினுக்கு மீத்தேனும் நைட்ரஜனும் கலந்த, மீத்தேன் எண் உயர்ந்த வாயு கிடைக்கும். அடியிலிருந்து திரவத்தை எடுத்து ஆவியாக்கி ஊட்டும் என்ஜினுக்கு, அதே தொட்டியிலிருந்து, நாக்கிங் வாய்ப்பு மிகுந்த வாயு கிடைக்கும்.

நவீன என்ஜின்கள் சிலிண்டரின் மேல் ஒட்டிய அதிர்வு உணரிகளால் நாக்கிங்கைக் கேட்டு, சுற்றுக்குச் சுற்று பொறியின் நேரத்தைத் திருத்திக்கொள்கின்றன. வெளியேறும் வாயுவிலுள்ள ஆக்சிஜனையோ, சிலிண்டரின் அழுத்தத்தையோ அளந்து லாம்டாவை நிலைநிறுத்துகின்றன. அப்படியும் உணரி கேட்பது நாக்கிங் தொடங்கிய பிறகுதான். முன்கூட்டியே எச்சரிக்க வேண்டியது வாயுவின் விவரச்சீட்டு. ஆனால் அதில் பெரிய எழுத்தில் இருப்பது வழக்கமாக வெப்ப மதிப்புதான், ஏனெனில் விலை பேசப்படுவது வெப்பத்துக்கே. 2015-இல் வெளியான இஎன் 16726 என்ற ஐரோப்பியத் தரநிலை, குழாய் வாயுவின் மீத்தேன் எண் 65-க்குக் குறையக் கூடாது என்று வரையறுத்தது. வோப்பே எண்ணுக்குப் பொது எல்லை வகுப்பதில் மட்டும் அப்போது உடன்பாடு எட்டப்படவில்லை. 80-க்கு மேல் இருக்கும் என்று நம்பி அமைத்த என்ஜினுக்கு 65 என்பது, பொறியைத் தள்ளிவைத்தும் சுமையைக் குறைத்தும் மட்டுமே சமாளிக்கக்கூடிய வாயு.